கழுதைக்கும் யானைக்கும் நான் நடுவர்

3 செப்டெம்பர் 2006, ஞாயிறு

இன்று இங்கே மெல்பேர்ணில் தந்தையர் தினம். மகள் யோகா இவருக்கு ஒரு சேட் வாங்கி வந்தாள். ஒரு அளவு சின்னது. "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மத்தியானம் வரை மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார்.

பின்னேரம் ஹமீது நானா போன் எடுத்தார். டண்டினொங்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் தமிழ் ஒன்றியத்தின் செயலாளர். இந்த முறை தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே கிழமையளவில் வருகின்றனவாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு விழா. விழாவில் பட்டிமன்றம். அதற்கு நான் நடுவராம்.

"நானோ?"

"வேற ஆரு தங்கச்சி? உங்களுக்குத்தான் ஒரு பக்கமும் இல்லயே."

தலைப்பைக் கேட்டேன். வரப்போகும் அமெரிக்கத் தேர்தலில் வெல்ல வேண்டியது எந்தக் கட்சி? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானா சிரிக்கவில்லை. போன வருஷம் 'குடும்ப நிம்மதிக்குக் காரணம் கணவனா மனைவியா' என்று வைத்ததில் சில குடும்பங்கள் இன்னும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. இலங்கை அரசியலை எடுத்தால் மண்டபம் இரண்டாகும், இந்திய அரசியலை எடுத்தால் நாலாகும் என்றார். "அமெரிக்கா தூரம் தங்கச்சி. அதுக்காக நம்மட ஆக்கள் சண்டை பிடிக்க மாட்டாங்க."

ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

4 செப்டெம்பர், திங்கள்

இவரிடம் சொன்னேன்.

"உமக்கு அரசியலிலை ஒரு அபிப்பிராயமும் இல்லையே!"

"அதுதானாம் தகுதி."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழும்பிப் போய் நானாவுக்குப் போன் எடுத்து, சனநாயகக் கட்சிப் பக்கத்துக்குத் தானே அணித்தலைவர் என்று பதிந்துவிட்டு வந்தார். மனைவி நடுவர், புருஷன் அணித்தலைவர். அப்படிச் செய்யலாமோ என்று கேட்டேன். "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுக்கிற விஷயம், இதிலை என்ன வீட்டுக் கதை" என்றார்.

இராச் சாப்பாட்டின்போது எனக்குப் பாடம். இது சனாதிபதித் தேர்தல் இல்லை. அவர் இன்னும் இரண்டு வருஷம் இருப்பார். நடுவில் வருகிற இந்தத் தேர்தல் அவர்களுடைய இரண்டு சபைகளுக்கு. சம்பல் கீழ்ச்சபை, பருப்பு செனற். சம்பல் முழுவதற்கும் தேர்தல், பருப்பில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தேர்தல். அந்த ஒரு பங்கைக் கரண்டியால் பிரித்துக் காட்டி, பிறகு அதையும் தானே சாப்பிட்டார்.

யோகா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, யூ டோன்ட் ஈவன் ஹாவ் எ வோட் தேர்" என்றாள்.

"வோட் இல்லாதவனுக்குத்தான் பிள்ளை நீதி தெரியும்."

10 செப்டெம்பர், ஞாயிறு

எதிரணித் தலைவர் யார் என்று தெரிந்துவிட்டது. நாகராஜன்!

வேறு ஆளே கிடைக்கவில்லையா நானாவுக்கு? நாகராஜன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. மதுரைக்காரர். டண்டினொங்கில் இவர் வேலை செய்கிற அதே தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பகுதி. ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள், ஒரு கிழமை இவருடைய கார், மறு கிழமை அவருடையது. அவர் மனைவி சந்திரகலாவும் நானும் காலையில் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள். நாங்கள் இருக்கிற ரோவிலில் எனக்கு உள்ள ஒரே சிநேகிதி அவள்.

நாகராஜனின் அண்ணா ரெக்சஸில் பெற்றோல் ஸ்டேஷன் வைத்திருக்கிறார், அதனால் அவர் குடியரசுக் கட்சி. இவருடைய மச்சான் ஒருவர் நியூ ஜேர்சியில் இருக்கிறார், அதனால் இவர் சனநாயகக் கட்சி. அமெரிக்காவை இரண்டு பேரும் விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை.

இன்று விழா அறிவித்தலை இவர்தான் எழுதினார்: 'அமெரிக்க இடைத்தேர்தல் - மாபெரும் பட்டிமன்றம்.' அது ஈமெயிலில் போய்ச் சேர்ந்த கையோடு நாகராஜன் போன்.

"விக்னராஜா சார், இடைத்தேர்தல்னு போட்டிருக்கீங்களே, எந்தத் தொகுதியில யாரு செத்துட்டாங்க?"

இடைக்காலத் தேர்தல் என்று மாற்றினார். மாற்றும்போது கீபோர்ட்டை அடித்த அடியில் எனக்கு விளங்கிவிட்டது, இது நல்லதுக்கில்லை.

15 செப்டெம்பர், வெள்ளி

காருக்குள்ளேயே விவாதம் தொடங்கிவிட்டது. ஸ்டட் ரோட்டில் சிவப்பு விளக்கு விழுந்தால் அது குடியரசுக் கட்சியின் நிறம் என்று நாகராஜன் சொன்னாராம். "அதுதான் ஒருத்தரையும் முன்னாலை போக விடுகுதில்லை" என்று இவர் சொன்னாராம். இதை வந்து என்னிடம் சொல்லிவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். சிரிக்கவில்லை. நான் நடுவர்.

20 செப்டெம்பர், புதன்

ஸ்பிரிங்வேலில் நான் வேலை செய்யும் பல் வைத்தியரின் இடத்தில், நோயாளிகளுக்காகப் போட்டிருக்கிற சஞ்சிகைகளில் பாதி அமெரிக்காவுடையவை. பழசுதான். இத்தனை வருஷம் தூசி தட்டி அடுக்கியிருக்கிறேன், ஒருநாளும் விரித்துப் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். குறைந்தபட்ச சம்பளத்தைப் பற்றி ஒரு கட்டுரை. ஈராக்கில் ஒரு தாதியைப் பற்றி இன்னொன்று. அதை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வியட்நாம் ஐயா தாடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றிருக்கிறார், நான் கவனிக்கவேயில்லை.

எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஒரு பக்கம் வந்துவிடுமோ?

22 செப்டெம்பர், வெள்ளி

வந்துவிட்டது. ஆருக்கும் சொல்லப் போவதில்லை.

27 செப்டெம்பர், புதன்

கார் உறவு முறிந்தது.

வரிதான் காரணம். வரியைக் குறைத்தால் ஏழைக்கும் நல்லது என்றிருக்கிறார் நாகராஜன். "உங்கடை அண்ணாவுக்கு நல்லது எண்டு சொல்லுங்கோ" என்றிருக்கிறார் இவர். "எங்க அண்ணனை இழுக்காதீங்க" என்றதும் இவர், "பெற்றோல் விலையை ஆர் ஏத்தினது எண்டு ஊருக்கே தெரியும்" என்றாராம். ஏதோ ரோவில் பெற்றோலுக்கெல்லாம் அந்த அண்ணாதான் விலை வைக்கிற மாதிரி! தொழிற்சாலை வாசலில் இறங்கியபோது நாகராஜன், "நாளையிலேர்ந்து நான் பஸ்ல வந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"போகட்டும். அமெரிக்காவிலை பொதுப் போக்குவரத்தை அழிச்சதே அவையின்ரை கட்சிதான். இப்ப விளங்கும்."

29 செப்டெம்பர், வெள்ளி

சந்திரகலா நடக்க வரவில்லை. போன் எடுத்தேன்.

"கோவம் இல்லக்கா. அவரு விடியிறதுக்கு முன்னாடி பஸ்ஸுக்குக் கிளம்புறாரு, சாப்பாடு கட்டணும். ரோவில்ல பஸ்ஸுக்கு நிக்கிறது எப்பிடின்னு உங்களுக்குத் தெரியும்ல?" குரல் இறங்கியது. "உங்க வீட்டுக்காரர் இவரோட அண்ணனைத் திருடன்னு சொன்னாராமே?"

அவர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமில்லை.

தனியே ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். யாரோ ரெக்சஸில் வரி கட்டுகிறார், நான் ரோவிலில் சிநேகிதி இல்லாமல் நடக்கிறேன்.

8 ஒக்டோபர், ஞாயிறு

காலை எழும்பிக் குசினிக்குள் போனால் இவர் பாத்திரம் கழுவுகிறார். தண்ணீர்க் கட்டுப்பாடு என்றபடியால் கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து ரோசாச் செடிக்கும் விட்டிருக்கிறார். பிறகு தேத்தண்ணீர் போட்டு என் கட்டிலுக்கே கொண்டுவந்தார். சீனி சரியாக இருந்தது! எனக்கு எத்தனை கரண்டி என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை காலமும்.

"இது லஞ்சமோ?"

"சீச்சீ. நடுவருக்கு மரியாதை."

பின்னேரம் நாகராஜன் வீட்டிலிருந்து ஒரு டப்பா அதிரசம் வந்தது. கொண்டுவந்து வைத்த சந்திரகலா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவரு குடுக்கச் சொன்னாரு. நான் குடுக்கல." அதிரசம் நன்றாக இருந்தது. இவர் நாலு சாப்பிட்டார். எதிரியின் வளங்களைக் குறைக்கிறாராம்.

21 ஒக்டோபர், சனி

தீபாவளி. வழக்கமாக நாகராஜன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. இன்று எங்கள் வீட்டில், நாங்கள் மட்டும். யோகா கேட்டாள், "ஆர் வீ அட் வார் வித் தெம்?" இவர் இன்னொரு வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

இவர் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தார். லைன் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் சண்டை தொடங்கி அங்கே போகிற பாதையைப் பூட்டிய பிறகு இவருடைய அக்காவோடு இரண்டு தடவைதான் கதைத்திருக்கிறோம். ரிசீவரை வைத்துவிட்டுப் போய்ப் பட்டிமன்றக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

24 ஒக்டோபர், செவ்வாய்

பெருநாள். ஹமீது நானா வட்டிலப்பம் அனுப்பினார். எந்தக் கட்சியும் சேராத ஒரே பலகாரம்.

28 ஒக்டோபர், சனி

மைக்கைப் பிடித்த கையால் எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்த சனம். மேடையின் ஒரு பக்கம் யானைப் படம், மறுபக்கம் கழுதைப் படம். யானை குடியரசுக் கட்சியின் அடையாளம், கழுதை சனநாயகக் கட்சியின் அடையாளம். நடுவில் எனக்கு ஒரு பெரிய கதிரை. நேரம் பார்த்து மணி அடிக்க யோகா. முதலில் நாகராஜன் எழும்பினார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, "யானைமுகத்தானை வணங்கித் தொடங்குகிறேன்!" என்றாரே பார்க்கலாம். கைதட்டல். இவர் துள்ளி எழும்பினார்.

"ஆட்சேபனை! பிள்ளையாரைத் தன்ரை கட்சிக்குள்ளை இழுக்கிறார்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்கிருந்து வந்ததோ தெரியாது, "பிள்ளையாருக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லை. கும்பிடலாம், வோட் கேக்கேலாது" என்றேன். சனம் சிரித்த சிரிப்பில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் சொன்னதற்கா இத்தனை பேர்?

அதன் பிறகு நன்றாகத்தான் போனது. "கழுதைக்கு எவனாவது ஓட்டுப் போடுவானா?" என்றார் நாகராஜன். "இலங்கையிலையே யானைச் சின்னத்துக்கு வோட் போடாதவன் நான், அமெரிக்க யானைக்குப் போடுவனோ?" என்றார் இவர். வரி, சம்பளம், வைத்தியச் செலவு என்று மாறி மாறி. நாகராஜன் கெட்டிக்காரன், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைத்திருந்தார். இவர் சத்தம் வைத்திருந்தார்.

கடைசிச் சுற்றில் ஈராக் வந்தது. "படையை அனுப்பினா ஒரு நாட்டைச் சரி பண்ணிட்டுத்தான் திரும்பணும். கொஞ்ச நாள் ஜனங்களுக்குச் சிரமம் இருக்கத்தான் செய்யும்" என்றார் நாகராஜன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

இவர் எழும்பினார். குறிப்பை எடுக்கவில்லை.

"சிரமம் எண்டா என்ன எண்டு சொல்லுறன். சந்திக்குச் சந்தி ஆமி நிக்கும். பாதையைப் பூட்டுவான். பூட்டினா சீனிக்கு எங்கை போறது? காய்ச்சலெண்டா பனடோலுக்கு எங்கை போறது? வரிசையிலை நிண்டு அரைக் கிலோ சீனி வாங்கிற வயசே அவவுக்கு? முழங்கால் ஏலாது அவவுக்கு. போன் எடுத்தா லைன் இல்லை..."

பாக்தாத்தில் எவருக்கு முழங்கால் ஏலாது? ஹமீது நானா வாசலடியில் நின்றவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நேரம் முடிந்துவிட்டது. யோகா மணியில் கை வைத்தாள். அடிக்கவில்லை. நானும் அடிக்கச் சொல்லவில்லை.

இவருக்கே அப்போதுதான் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தது. "...ஈராக்கிலை" என்று மெதுவாகச் சேர்த்தார். கதிரையில் உட்கார்ந்தார்.

மறுத்துப் பேச நாகராஜனுக்கு ஒரு முறை இருந்தது. எழும்பினார். கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "என் நேரத்தையும் சாருக்கே குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இனித் தீர்ப்பு. இவர் என்னைப் பார்த்த பார்வை! பாத்திரம் கழுவினவர், தேத்தண்ணீர் போட்டவர், அக்காவை நினைத்துக் குரல் உடைந்தவர். என்ன செய்வேன்?

சொன்னேன். நாகராஜன் அணி தலைப்பை விட்டு விலகவில்லை, நேரத்தைத் தாண்டவில்லை, தன் நேரத்தையும் விட்டுக்கொடுத்தது. வாதத்தில் வென்றது அவர்கள்தான். ஒரு பக்கம் கைதட்டியது. அத்தோடு நான் இருந்திருக்கலாம். மைக் கையில் இருந்தது.

"என்ரை அபிப்பிராயத்தை ஒருத்தரும் கேக்கேல்லை. எண்டாலும் சொல்லுறன். எனக்கு அங்கை ஒரு வோட் இருந்தா நான் கழுதைக்குத்தான் போடுவன். படை அனுப்பிறவையைக் கேள்வி கேக்க ஒரு சபையாவது வேணும்."

இப்போது மற்றப் பக்கம் கைதட்டியது. ஹமீது நானா மட்டும் இரண்டு முறையும் தட்டினார். வென்ற அணிக்கு அவர் கொடுத்தது ஒரு பெரிய அரிசி மூட்டை. நாகராஜன் அதைத் தூக்கிக்கொண்டு போகும்போது தோற்றவர் மாதிரியே போனார்.

29 ஒக்டோபர், ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுகிற நாள். இவர் என்னோடு கதைக்காமல் வீட்டில் உள்ள எல்லா மணிக்கூட்டையும் தள்ளினார்.

கடைசியில் வெடித்தது. "சபைக்கு முன்னாலை என்னைத் தோக்கடிச்சுப் போட்டீர்."

"உங்கடை கட்சிக்குத்தானே வோட் எண்டு சொன்னனான்?"

"அதுதான் கேக்கிறன்! என்ரை பக்கம் சரியெண்டா என்னை ஏன் தோக்கடிச்சனீர்?"

"பக்கம் சரி. நீங்கள் கதைச்சது சரியில்லை."

கையிலிருந்த மணிக்கூட்டை இன்னொரு தரம் முன்னே தள்ளினார். எனக்கும் திகைப்புத்தான். இது என் குரலா?

31 ஒக்டோபர், செவ்வாய்

சந்திரகலா போன். "எங்க வீட்டுலயும் ஒரே புலம்பல்க்கா. 'ஜெயிக்க வச்சுட்டு, ஓட்டு மட்டும் அவங்களுக்காம். அப்ப நான் சொன்னது எதுவும் மண்டையில ஏறலையா'ங்கிறாரு."

வேலைக்குப் பிந்திவிடுமே என்று நான் போனை வைத்துவிட்டேன். இரண்டு பேரையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட நடுவர் உலகத்தில் நான் ஒருத்திதானோ!

2 நவம்பர், வியாழன்

ஏரியடியில் சந்திரகலா எனக்கு முதல் வந்து காத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரே கார்ல போயிட்டாங்கக்கா!"

"உண்மையாவோ? என்ன கதைச்சினமாம்?"

"வேற என்ன, உங்களத்தான். வீட்டு வாசல்லயே ஆரம்பிச்சிட்டாங்க. நடுவரே சரியில்லையாம். அதுல ரெண்டு பேருக்கும் ஒரே கருத்து."

சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் நடக்க முடியவில்லை. வாங்கில் உட்கார்ந்துவிட்டோம்.

5 நவம்பர், ஞாயிறு

யாழ்ப்பாண லைன் கிடைத்தது! அக்கா சுகம். சீனி கொஞ்சம் கிடைத்ததாம். "உங்கை என்ன புதினம்?" என்று கேட்டிருக்கிறா. இவர் அமெரிக்கத் தேர்தலைப் பற்றித் தொடங்கி, செனற்றில் எத்தனை இடம் என்பது வரை சொன்னார். இந்தப் பக்கத்தில் நிற்கிற எனக்கே அவவின் சத்தம் கேட்டது: "உனக்கென்ன விசரே தம்பி?"

பிறகு அவ சிரித்தா. போனை இவர் காதோடு அழுத்திப் பிடித்தபடி, சிரிப்பு முடியும் வரை கேட்டுக்கொண்டு நின்றார்.

7 நவம்பர், செவ்வாய்

மெல்பேர்ண் கப். நகரம் முழுக்கக் குதிரைக்குப் பணம் கட்டுகிறது. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இரண்டு ஆம்பிளைகள் கழுதையையும் யானையையும் பற்றிக் கதைக்கிறார்கள். பகை இன்னும் முழுதாகத் தீரவில்லை என்று காட்டுவதற்காக, நாகராஜன் தேத்தண்ணீரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு குடித்தார்.

8 நவம்பர், புதன்

கீழ்ச்சபை சனநாயகக் கட்சிக்கு! நோயாளி ஒருவருக்கு நாள் குறித்துக்கொண்டிருக்கிறேன், இவர் போன்.

"பாத்தீரே! நான் சொன்னனான்தானே!"

"நானும் சொன்னனான். மைக்கிலை."

"ஓம். நீரும் சொன்னனீர்" என்றார்.

10 நவம்பர், வெள்ளி

வேர்ஜினியாவில் மிஞ்சியிருந்த கடைசி இடமும் முடிந்தது, செனற்றும் சனநாயகக் கட்சிக்குப் போய்விட்டது. பின்னேரம் நாகராஜன் பாதி அரிசியை ஒரு பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "தோல்வியை ஒத்துக்கிறேன் சார். ஆனா ரெண்டு வருஷத்துல பாருங்க." பிறகு குரலை மாற்றி, "அக்காகிட்ட பேசினீங்களா?" என்று கேட்டார். இவர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நான் போய் உலையை வைத்தேன்.

25 நவம்பர், சனி

இன்று எங்கள் மாநிலத் தேர்தல். இது ஒன்று இருக்கிறதென்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை, யோகாதான் கத்தி எழுப்பினாள்.

வோட் போடுகிற பள்ளிக்கூட வாசலில் சொசேஜ் சுடுகிற வாசனை. வழக்கமாக இவர் காரிலேயே சொல்லிவிடுவார், தாளில் ஒன்றாம் விருப்பத்தை எங்கே போடுவது, இரண்டாம் விருப்பத்தை எங்கே போடுவது என்று. நானும் போட்டுவிட்டு வருவேன். இன்று அமெரிக்காவிலேயே மனம் இருந்ததால் இவர் ஒன்றும் படித்திருக்கவில்லை. மேல்சபைக்கு இந்த முறை புது முறை. மேசைவிரிப்பு மாதிரி ஒரு தாள் தந்தார்கள். இவர் அதை விரித்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, மட்டை மறைப்புக்கு மேலால் தலையை நீட்டினார்.

"இஞ்சாரும், இது என்னெண்டு போடுறது?"

நடுக் கோட்டுக்கு மேலே கட்சிக்குப் போட்டால் ஒரு பெட்டி போதும், கீழே ஆட்களுக்குப் போட்டால் குறைந்தது ஐந்து என்று சொன்னேன். வேலையில் வாசித்து வைத்திருந்தேன்.

"சரி, ஆருக்கு?"

"அது உங்கடை விருப்பம்."

நான் என்னுடையதை நிரப்பி, மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்து, சொசேஜ் இல்லாமல் வெங்காயம் மட்டும் வைத்த பாண் துண்டைச் சாப்பிட்டு முடித்தேன். இவர் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், உதவி வேண்டுமா என்று கேட்ட உத்தியோகத்தரிடம் இவர் பெரிய மரியாதையோடு, "நோ, நோ. ஐ ஆம் திங்கிங்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். ஸ்டட் ரோட்டில் ஏறியதும் கேட்டார், "நீர் ஆருக்குப் போட்டனீர்?"

சொன்னேன்.

வாயைத் திறந்தார். மூடினார். வெளியே பார்த்தார். அடுத்த சந்தி தாண்டியது. பிறகு, "ஏன்?" என்றார்.

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸில் தொடங்கி, டண்டினொங் ஆஸ்பத்திரி, யோகாவின் படிப்புச் செலவு, தண்ணீர் என்று போய்க்கொண்டேயிருந்தது. இடையில் இரண்டு இடத்தில் மறுத்தார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வீடு வந்து, எஞ்சினையும் நிறுத்திவிட்டேன். நான் இன்னும் முடிக்கவில்லை. இவர் சீற் பெல்ட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.